இந்த மாதம் முடித்த நாவல்கள்: தொழில் தெரிந்தால் மட்டும் போதுமா?

பின்னட்டை:

மாதக் கடைசி, வழக்கம்போல முடித்தவற்றைப் பற்றிக் கொஞ்சம் புலம்பல். இந்த முறை திட்டம் போட்டுப் படிக்கவில்லை, கையில் கிடைத்ததைத்தான் படித்தேன். ஆனால் முடித்த நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் நான்குமே ஏதோ ஒரு வேலையைச் சுற்றி நடக்கிற நாவல்கள்: உப்பளம், தேயிலைத் தோட்டம், சினிமா கம்பெனி, ஊருக்குத் துணி வெளுக்கிற குடும்பம். அதனால் ஒரு கேள்வியும் வந்துவிட்டது. முதலில் நாவல்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ராஜம் கிருஷ்ணனின் கரிப்பு மணிகள். தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய், தொழிலாளிகளோடு பேசி எழுதிய நாவல் என்பது எல்லோருக்கும் தெரியும். பாத்தி, தெப்பம், வாருபலகை, தட்டுமேடு என்று அளத்தில் இருக்கிற ஒவ்வொன்றும் அதனதன் பெயரோடு வருகிறது. பொன்னாச்சி முதன்முதலாக வேலைக்குப் போகும் பகுதிகளைப் படிக்கும்போது கண் கூசுகிற மாதிரி இருந்தது, அவ்வளவு வெயில் அந்தப் பக்கங்களில். ஆனால் தொழிலாளர் உரிமை பேசுகிற ராமசாமி வாயைத் திறந்தால் எனக்கு மேடையும் மைக்கும்தான் தெரிகின்றன. அவன் சொல்வதெல்லாம் நியாயம்தான், ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை, ஆனாலும் நாவலுக்குள் ஒரு பையன் பேசுகிறான் என்று தோன்றவில்லை.

எரியும் பனிக்காடு. தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி.எச். டானியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வந்த நாவல், தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பு. பரதேசி படம் பார்த்தவர்களுக்குக் கதை ஓரளவு தெரிந்திருக்கும், ஆனால் படத்தை மறந்துவிட்டுப் படியுங்கள், இது வேறு. 1920-களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி ஆனைமலைக்கு ஏறுகிறார்கள். குளிர், அட்டை, மலேரியா எல்லாம் இருக்கிறது. என்னை உறைய வைத்தது அவை இல்லை, கணக்கு. முன்பணமாகக் கையில் கொடுத்த நாலு காசு எப்படிக் குட்டி போட்டு, வருஷ முடிவில் கணக்குத் தீர்க்கும்போது இன்னும் பாக்கி என்று ஆகிறது, ஊருக்குத் திரும்புகிற நாள் எப்படித் தள்ளிக்கொண்டே போகிறது என்பதை எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் சொல்லியிருக்கிறார். பாத்திரங்கள் கொஞ்சம் ஒல்லிதான். நல்லவர்கள் நல்லவர்களாகவும் கெட்டவர்கள் கெட்டவர்களாகவும் கடைசி வரை இருக்கிறார்கள். பரவாயில்லை, இந்தப் புத்தகத்தில் அது எனக்கு உறுத்தவில்லை. ஏன் உறுத்தவில்லை என்பதுதான் யோசனையாக இருக்கிறது.

அசோகமித்திரனின் கரைந்த நிழல்கள். இது இரண்டாவது வாசிப்பு. ஒரு சினிமா கம்பெனி, அதில் நடராஜன் என்று ஒரு புரொடக்ஷன் மேனேஜர், விடியுமுன்னே எழுந்து அவுட்டோர் ஷூட்டிங்குக்கு ஆட்களையும் வண்டியையும் சேர்ப்பதற்குள் அவர் படுகிற பாடு. அந்த ஒரு அத்தியாயத்துக்காகவே இந்த நாவலை யாருக்கும் கொடுக்கலாம். அப்புறம் பார்த்தால் அவர் கதையிலிருந்து நழுவிவிடுகிறார், வேறொருவர் வருகிறார், அவரும் நழுவுகிறார். நாயகன் என்று யாரும் கிடையாது. சினிமா எடுப்பது எப்படி என்று அசோகமித்திரன் நமக்கு ஒரு வரிகூட வகுப்பு எடுப்பதில்லை. படித்து முடித்தபின் பார்த்தால் எல்லாம் தெரிந்திருக்கிறது.

கடைசியாக இமையத்தின் கோவேறு கழுதைகள் (1994). இந்த மாதத்தின் நாவல் இதுதான், மற்ற மூன்றும் கோபித்துக்கொண்டாலும் சரி. ஆரோக்கியம் என்கிற அந்த அம்மாளின் வாய் இன்னும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஜோ டி குரூஸின் ஆழி சூழ் உலகு பாதியில் நிற்கிறது. அடுத்த மாதம் பார்க்கலாம்.

சரி, கேள்வி. நாலு பேருக்குமே அவரவர் எழுதிய தொழில் நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் ஒரு நாவலில் தொழில் தகவலாக நிற்கிறது, இன்னொன்றில் அது மனிதர்களோடு கலந்து காணாமல் போகிறது. இது எதனால்? நேரில் போய்ப் பார்த்து எழுதுவதற்கும் உள்ளேயே கிடந்து எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், ஆனால் எனக்கு அது முழுப் பதிலாகத் தெரியவில்லை. உங்கள் அனுபவம் என்ன? அப்படியே இந்த வரிசையில் அடுத்து எதைப் படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

சுக்குக்காப்பி:

அண்ணா, கரிப்பு மணிகள் பிடிஎஃப் இருக்கா?

நூலக அடுக்கு:

சுக்குக்காப்பி, இந்த ஒரு தடவை உங்களைத் திட்ட முடியாது. ராஜம் கிருஷ்ணன் உயிரோடு இருந்தபோதே, 2009-ல், தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. மதுரைத் திட்டம் என்கிற இணைய நூல் தொகுப்பில் தேடினால் முறையாகவே கிடைக்கும். மற்ற மூன்றையும் காசு கொடுத்து வாங்குங்கள், இல்லையென்றால் நூலகத்தில் எடுங்கள். பின்னட்டையின் கேள்விக்கு இரவு வந்து எழுதுகிறேன், கொஞ்சம் சண்டை போடவேண்டியிருக்கிறது.

முத்துநகர்:

அண்ணாச்சி, ராமசாமியைப் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் யூனியனில் இருந்த பெரியவர்கள் பந்தியில் உட்கார்ந்து சோறு சாப்பிடும்போதே அப்படித்தான் பேசுவார்கள். ரசம் கேட்பதைக்கூடக் கோரிக்கை மாதிரிதான் கேட்பார்கள். ஆக அந்தப் பேச்சு பொய் இல்லை. ஆனால் நீங்கள் சொல்கிற குறை இருக்கிறது, நான் அதை வேறு இடத்தில் பார்க்கிறேன்.

எங்கள் பெரியம்மா அளத்துக்குப் போனவர். விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள், வெயில் ஏறிவிட்டால் பாத்திக்குள் நிற்க முடியாது, கீழே உப்புத் தண்ணீர், மேலே வெயில், சுற்றிலும் வெள்ளையாக அடிக்கிற வெளிச்சம். ஆண்கள் வாருபலகை போட்டு வார, பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோய்த் தட்டுமேட்டில் கொட்டுவார்கள். காலில் ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் அது ஆறாது. குடிக்கிற தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோனால்தான். ஒதுங்குவதற்கு ஒரு மறைப்புக் கிடையாது, பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிட்டால் வேலையே இல்லை. உப்பு அம்பாரத்தின் மேல் ஓலையைப் போட்டு மூடிவிட்டு எல்லோரும் வீட்டில் உட்காரவேண்டியதுதான், அப்புறம் கடன், அப்புறம் அந்தக் கடனுக்காக அதே ஆளிடம் மறுபடியும் வேலை. சமீப வருடங்களில்தான் மழை மாதங்களுக்கு என்று அரசு 5000 ரூபாய் நிவாரணம் கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. 70-களில் இதையெல்லாம் எழுதவேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? அந்த அம்மா எங்கிருந்தோ வந்து, எங்கள் வீட்டுப் பெண்களைப் பார்த்து, இவர்கள் ஒரு நாவலுக்கு உரியவர்கள் என்று நினைத்தாரே. அதற்கு முன்னால் மைக் சத்தம் எல்லாம் எனக்குப் பெரிதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் குறையைச் சொல்கிறேன். அந்த நாவலில் அளத்துக்காரர்கள் போதுமான அளவு சிரிப்பதில்லை. பெரியம்மா வீட்டுக்கு வந்ததும் சொல்கிற கதைகளில் பாதி வேடிக்கைதான். கணக்கப்பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைத்தது, புதிதாக வந்தவளைப் பயமுறுத்தியது, சுமை எண்ணுகிற ஆளை ஏமாற்றி ஒரு நடையைக் கூடுதலாகச் சேர்த்தது, ஒருத்தி பாட்டுப் பாடினால் மற்றவர்கள் அவளை வம்புக்கு இழுத்தது. அவ்வளவு கஷ்டத்துக்கு நடுவில் இந்தத் திருட்டுத்தனமும் நையாண்டியும் இல்லை என்றால் யாரும் ஒரு பருவம்கூடத் தாங்கமாட்டார்கள். வெளியிலிருந்து நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவர்களிடம் நம் ஆட்கள் துன்பத்தைத்தான் சொல்வார்கள், கணக்கப்பிள்ளையை ஏமாற்றியதைச் சொல்வார்களா? சொன்னால் வேலை போய்விடும். ஆகவே அது அந்த அம்மாவின் தப்பும் இல்லை.

இமையம் நாவலில் ஆரோக்கியம் திட்டுகிற திட்டு இருக்கிறதே, அதை யாரும் பேட்டி எடுத்து வாங்க முடியாது.

நூலக அடுக்கு:

முத்துநகர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். சண்டை போட வந்தவன் பாதி ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டேன், மீதியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நண்பரே, உள்ளே கிடந்து எழுதுவது, வெளியிலிருந்து வந்து எழுதுவது என்ற பிரிவினை ரொம்ப தூரம் தாங்காது. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் 1952-லிருந்து 1966 வரை வேலை பார்த்தவர், சரி, உள்ளே இருந்தவர்தான். ஆனால் மலையாள எழுத்தாளர் தகழியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டியின் மகன் எழுதியவர் ஒரு வக்கீல். ஆலப்புழையில் மலம் அள்ளுகிறவர்களின் மூன்று தலைமுறையை எழுதினார். இசக்கிமுத்து, சுடலைமுத்து என்று பெயரைப் பார்த்தாலே தெரியும், நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பில் படித்தால் மலையாள நாவல் என்கிற நினைப்பே வராது. வெளியிலிருந்து பார்த்து எழுதியதுதான், ஆனால் சுடலைமுத்துவைப் பாருங்கள். தன் மகன் இந்த வாளியைத் தொடக்கூடாது என்று முடிவு செய்தவன், அதற்காகத் தன் கூட்டத்தையே காட்டிக்கொடுக்கிறான், அவர்கள் சேர்ந்து நிற்க முயலும்போது அதிகாரியின் பக்கம் சாய்கிறான், காசைச் சேர்த்து நகராட்சித் தலைவரிடமே கொடுத்து வைக்கிறான். மகனுக்கு மோகனன் என்று பெயர் வைக்கிறான், அந்தப் பெயரைக் கேட்டு ஊரே எரிச்சல் படுகிறது. முத்துநகர் சொன்ன அந்தத் திருட்டுத்தனம், அது ஒரு வக்கீலுக்கு எப்படித் தெரிந்தது? ஆகவே எங்கிருந்து பார்க்கிறார் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யமுடியாது.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, எழுதுகிறவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பது. ராஜம் கிருஷ்ணன் நகரத்தில் பத்திரிகை வாசிக்கிறவர்களைப் பார்த்துப் பேசுகிறார், உங்கள் சாப்பாட்டில் இருக்கிற உப்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா என்று கேட்கிறார். அதனால் விளக்கியாகவேண்டும். டானியலும் ஆங்கிலம் படிக்கிறவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறார், அவருக்குச் சாட்சி சொல்லியாகவேண்டும் என்கிற அவசரம். நீங்கள் பாத்திரங்கள் ஒல்லியாக இருந்தும் உறுத்தவில்லை என்றீர்களே, காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அது வாக்குமூலம், வாக்குமூலத்தில் யாரும் பாத்திரப் படைப்பைத் தேடுவதில்லை. இமையம் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. ராச்சோறு எடுக்கப்போவது, களத்தில் தானியம் வாங்கப்போவது, பிரசவத்துக்கும் சாவுக்கும் ஓடுவது எல்லாம் நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பது போல எழுதிக்கொண்டே போகிறார். நமக்குத் தெரியாது என்றால் அது நம் பாடு.

இன்னொன்று, கோவேறு கழுதைகள் வந்தபோது அதற்கு எதிர்ப்பும் வந்தது, முக்கியமாகத் தலித் விமர்சகர்கள் பக்கத்திலிருந்து. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே ஒருவர் இன்னொருவரை எப்படி நடத்துகிறார்கள் என்று எழுதினால், மேலே இருக்கிறவர்கள் அதைக் காட்டித் தப்பித்துக்கொள்ளமாட்டார்களா என்ற கேள்வி. அந்தக் கேள்வி அற்பமானதில்லை. ஆனால் வெளி ஆட்களுக்கு விளக்கவேண்டும் என்று உட்கார்ந்து எழுதியிருந்தால் அந்த நாவலே வந்திருக்காது, நல்லபடியாகக் காட்டவேண்டும் என்ற நினைப்பு கையைப் பிடித்திருக்கும்.

அடுத்து படிப்பதற்கு: பூமணியின் பிறகு (1979). அழகிரி என்கிற தோல் வேலைக்காரர், செருப்பும், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைக்கு வேண்டிய தோல் சாமான்களும் தைத்துக்கொடுக்கிறவர், சுதந்திரம் வந்த பிறகு அந்தக் கரிசல் ஊரில் அவருக்கு எது மாறியது, எது மாறவில்லை என்பது. அதிலும் விளக்கம் கிடையாது. சின்னப் புத்தகம்தான், ஆனால் வேகமாகப் படிக்க முடியாது.

தறிமேடை:

வணக்கம் சார். நான் இங்கே எழுதுவது குறைவு, தறி என்று வந்துவிட்டதால் எழுதுகிறேன், உண்மையில் யாரும் தறி என்று சொல்லவில்லை, அதுதான் என் வருத்தம்.

எம்.வி. வெங்கட்ராமின் வேள்வித் தீ படித்துவிட்டீர்களா? காதுகள் நாவலுக்கு சாகித்ய அகாதெமி கிடைத்ததால் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள், இதை விட்டுவிடுகிறார்கள். கும்பகோணத்தில் சௌராஷ்டிர நெசவாளர்கள், கண்ணன் என்கிறவன் தறி நெய்கிறவன், அவன் வீடு, அவன் மனைவி, அப்புறம் ஹேமா என்று இன்னொரு பெண். கதையாகச் சொன்னால் பழைய முக்கோணக் கதை மாதிரி இருக்கும், அதனால் சொல்லவில்லை. நான் சொல்லவந்தது, வெங்கட்ராம் அந்தச் சமூகத்திலேயே பிறந்தவர், அதோடு பட்டுச் சரிகை வியாபாரமும் செய்தவர். அதாவது தறியில் உட்கார்ந்திருப்பவனின் வயிறும் தெரியும், கூலியை எப்போது குறைக்கவேண்டியிருக்கிறது என்று முதலாளி போடுகிற மனக்கணக்கும் தெரியும். இரண்டு பக்கமும் தெரிந்தவர் எழுதினால் வில்லன் என்று ஒருவரை நிறுத்தமுடியாது. படிக்கிறவருக்கு அது சங்கடமாக இருக்கும், யாரைத் திட்டுவது என்று தெரியாது.

முத்துநகர் அவர்கள் சிரிப்பைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் நெசவில் அது இன்னொரு மாதிரி. எங்கள் தாத்தா குழித்தறியில் உட்கார்ந்தால் பேச்சே கிடையாது, பாவில் ஒரு இழை அறுந்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும், கண்ணால் பார்க்கவேண்டாம், கால் மிதிக்கும்போதே தெரியும் என்பார். சேலை முடிந்து மடித்து வைத்தபிறகு முந்தானையை ஒரு தடவை விரித்துப் பார்த்துக்கொள்வார். கூலி போதாது என்று பகலெல்லாம் புலம்புகிற மனுஷர், அந்த ஒரு நிமிஷம் புலம்பமாட்டார். தொழில் நாவல்களில் எனக்குப் பெரும்பாலும் கிடைக்காதது அந்தக் கர்வம்தான். தொழிலாளியைப் பற்றி எழுதுகிறவர்கள் அவன் எவ்வளவு சுரண்டப்படுகிறான் என்று எழுதுகிறார்கள், அவனுக்கு அந்த வேலை எவ்வளவு நன்றாக வரும் என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள். எழுதினால் சுரண்டலின் காரம் குறைந்துவிடும் என்று பயமோ என்னவோ. எனக்கென்னவோ கூடும் என்றுதான் படுகிறது. இவ்வளவு தெரிந்தவனுக்கு இவ்வளவுதான் கூலியா என்று கோபம் வரும் இல்லையா.

ஆரோக்கியத்துக்கு அந்தக் கர்வம் உண்டு. துணி யாருடையது, எந்த வீட்டுச் சாவுக்கு யார் என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது வேறு யாருக்குத் தெரியும்? மகன் ஊரை விட்டுப் போவதும் ஊர் ஆட்களுக்கு அவள் தேவைப்படாமல் போவதும் அதனால்தான் அவ்வளவு வலிக்கிறது.

பின்னட்டை:

இவ்வளவு நன்றாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நான் மாதக் கடைசிக் கணக்கு எழுதிவிட்டுத் தூங்கப் போயிருந்தேன்.

முத்துநகர், சிரிப்பு விஷயத்தை வைத்துக்கொண்டு நான்கு நாவல்களையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கரைந்த நிழல்களில் சிரிப்பு எக்கச்சக்கம். யாரும் ஜோக் அடிப்பதில்லை, ஆனால் வண்டி வரவில்லை, சாப்பாடு வரவில்லை, நடிகை வரவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது நாம் சிரித்துவிட்டு, ஒரு பக்கம் தள்ளி வாயை மூடிக்கொள்கிறோம். எரியும் பனிக்காட்டில் சிரிப்பு கிட்டத்தட்ட இல்லை, அது வாக்குமூலம் என்று நூலக அடுக்கு சொன்னதை அதனால் ஒத்துக்கொள்கிறேன். டாக்டர் எழுதியது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது, நோயாளி எப்போது வந்தார், என்ன கொடுக்கப்பட்டது, எப்போது இறந்தார் என்று. அந்த வறட்சிதான் அதன் பலம்.

ஆனால் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்ற உங்கள் விதியை நான் முழுசாக வாங்கிக்கொள்ளவில்லை, நூலக அடுக்கு. ஜோ டி குரூஸ் யாரைப் பார்த்துப் பேசுகிறார்? பாதிவரை படித்ததில் எனக்கு இரண்டும் தெரிகிறது. கடலைப் பற்றி, மீனைப் பற்றி, வலையைப் பற்றி எவ்வளவு விவரம், ஊர்க்காரனுக்குச் சொல்வதாக இருந்தால் இவ்வளவு வேண்டாம். அதே சமயம் பேச்சு மொழியில் ஒரு துளிகூட விட்டுக்கொடுக்கவில்லை, என்னைப் போன்ற மேட்டுநிலத்துக்காரன் திணறுகிறேன். நடுக்கடலில் மரத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற ஆட்கள் வருகிற பகுதிகளில் மட்டும் இந்தக் கேள்வியே எழுவதில்லை, அங்கே விவரம் எல்லாம் பயத்துக்குள் போய்விடுகிறது. ஒருவேளை பதில் அங்கே இருக்கலாம். தொழில் விவரம் எப்போது பாத்திரத்துக்கு அவசரமாகத் தேவைப்படுகிறதோ அப்போது அது தகவலாகத் தெரிவதில்லை. நடராஜனுக்கு அந்த விடிகாலையில் வண்டி வேண்டும், அவ்வளவுதான்.

தறிமேடை சார், வேள்வித் தீ படித்ததில்லை. நீங்கள் முந்தானையை விரித்துப் பார்ப்பதைச் சொன்னதற்காகவே தேடப்போகிறேன்.

முத்துநகர்:

அண்ணாச்சி, ஆழி சூழ் உலகை நிறுத்தாதீர்கள். மொழி புரியவில்லை என்று ஒவ்வொரு சொல்லுக்கும் நிற்கவேண்டாம், எங்கள் ஊர்க்காரர்கள் பேசும்போது பக்கத்து ஊர்க்காரனுக்கே பாதிதான் புரியும், மீதியை முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வான். கோத்ராவையும் சூசையையும் கடைசிவரை கொண்டுபோய்விடுங்கள், அப்புறம் வந்து சண்டை போடலாம்.

சுக்குக்காப்பி:

பிடிஎஃப் கேட்டதற்கு இவ்வளவு நாவல் பெயர் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னாடியே கேட்டிருப்பேன். எடுத்துவிட்டேன், நன்றி. ஒரு சந்தேகம்: எல்லாமே கடல், மலை, தறி, தோல் என்று இருக்கிறது. கடைக் கணக்கு எழுதுகிறவன், கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறவன் இவர்களைப் பற்றி நல்ல நாவல் ஏதும் கிடையாதா? நான் திருப்பூரில் செக்கிங் செக்ஷனில் இருக்கிறேன். நாள் பூரா பனியனில் ஓட்டை தேடுவதை யார் நாவலாக எழுதுவார்கள் என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

நூலக அடுக்கு:

உங்கள் நண்பர்களிடம் எம். கோபாலகிருஷ்ணனின் மணல் கடிகையைக் கொடுங்கள். 2004-ல் வந்தது, திருப்பூர்தான், ஐந்து நண்பர்கள், பனியன் தொழில் அவர்களை எப்படித் தூக்கிவிடுகிறது, எப்படிப் போட்டு உடைக்கிறது என்று. பெரிய நாவல், நடுவில் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்படியே முருகவேளின் முகிலினி, சிறுமுகை விஸ்கோஸ் ஆலையும் பவானி ஆறும். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு நிறைய உண்டு, விவரம் கதையை விழுங்கிவிடும் இடங்கள் இருக்கின்றன, அதாவது பின்னட்டையின் கேள்விக்கு அருமையான உதாரணம். ஆனால் ஒரு ஆலை எப்படி ஊரை உண்டாக்கி, எப்படி ஆற்றைக் கெடுத்தது என்பதை அந்தப் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் படிக்கவேண்டும்.

கடைக் கணக்குக்கு ப. சிங்காரம். எல்லோரும் புயலிலே ஒரு தோணி என்பார்கள், நான் சொல்வது அதற்கு முந்தைய கடலுக்கு அப்பால். பினாங்கில் வட்டிக்கடை, கடையில் வேலை பார்க்கிற செல்லையா, முதலாளியின் மகள் மரகதம். போர் வருகிறது, செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிட்டுத் திரும்புகிறான், துப்பாக்கி பிடித்தவன் இனிமேல் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக் கணக்குப் பார்ப்பானா என்று முதலாளிக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது, அதுதான் நாவல். சிங்காரம் சின்ன வயதிலேயே இந்தோனேசியாவில் மேதானுக்குப் போய்க் கடையில் வேலை பார்த்தவர், பிறகு மதுரையில் தினத்தந்தியில் இருந்தார். ஐந்தொகை, பேரேடு எல்லாம் அவருக்குக் கைப்பழக்கம், ஆனால் ஒரு இடத்திலாவது உட்கார்ந்து விளக்குவாரா? மாட்டார்.

தறிமேடை:

சுக்குக்காப்பி தம்பி, செக்கிங் செக்ஷனில் இருப்பவர் எழுதினால் நான் வாங்கிப் படிப்பேன். ஓட்டையை விரல் கண்டுபிடிக்குமா, கண் கண்டுபிடிக்குமா?

சுக்குக்காப்பி:

விரல்தான் சார். மேசை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், சூப்பர்வைசர் வரும்போது மட்டும் அதைப் பார்ப்போம்.

பின்னட்டை:

அடுத்த மாதப் பட்டியல் ஆகிவிட்டது: ஆழி சூழ் உலகு மீதிப் பாதி, வேள்வித் தீ, கடலுக்கு அப்பால். பூமணியின் பிறகு நாவல் என்னிடம் பழைய பதிப்பு இருக்கிறது, எழுத்து பொடிப்பொடியாக இருப்பதால் தள்ளிக்கொண்டே வருகிறேன், கண்ணாடி மாற்றியபின் பார்க்கலாம். வேள்வித் தீ இப்போது யாரிடம் அச்சில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.